போன் சைனா: முதல் கோப்பையை வார்க்க வருபவர்களுக்கு

ஸ்டோன்வேர் (உயர் சூட்டில் கல்போல் இறுகும் பாண்ட) மண்ணில் கை பழகியவர்கள், எலும்புச் சாம்பல் சேர்த்த மெல்லிய வெள்ளைப் பீங்கானான போன் சைனாவுக்கு வரும்போது முதலில் மறக்க வேண்டியது சுடும் வரிசையைத்தான். வழக்கமான வேலையில் முதல் சூடு மிதமானது. 900 முதல் 1000 டிகிரி செல்சியஸில் பாத்திரம் கெட்டிப்பட்டு, நீரை உறிஞ்சும் நிலையில் வெளியே வரும். அதைக் கிளேஸில் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) முக்கிப் பெரிய சூட்டுக்கு அனுப்புவோம். போன் சைனாவில் பெரிய சூடுதான் முதலில். கிளேஸ் பூசாமல் வெறும் உடலாகவே 1220 முதல் 1250 டிகிரி வரை சுட்டுவிட வேண்டும். கிளேஸுக்கு அதன் பிறகு 1050 முதல் 1100 டிகிரி போதும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. உச்ச சூட்டில் இந்த மண் இளகித் தொய்யும். அப்போது அதற்கு அடியிலும் விளிம்பிலும் தாங்கல் கொடுக்க வேண்டும். கிளேஸ் பூசியிருந்தால் தாங்கல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வடிவத்தை முதலில் சூளையில் நிலைப்படுத்திவிட்டு, மெருகை அடுத்த சூட்டுக்குத் தள்ளிவைக்கிறார்கள். அச்சு வரைவதிலிருந்து கோப்பையைச் சூளைத் தட்டில் வைப்பது வரை கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு பெரிய சூட்டுக்கான ஆயத்தம்தான்.

1300 டிகிரி வரை தாங்கும் சிறு மின்சூளை உங்களிடம் இருக்கிறது அல்லது வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். செய்யப்போவது கைப்பிடி இல்லாத சிறிய கோப்பை. தட்டு, தேநீர்க் குடுவை, மூடி போட்ட சர்க்கரைக் கிண்ணம் எல்லாம் பின்னால் வரட்டும். தட்டையான பொருள்தான் எளிது என்று பலர் நினைத்துத் தட்டில் தொடங்குகிறார்கள். இந்த மண்ணில் தட்டுதான் மிகக் கடினம்.

கலவையில் என்ன இருக்கிறது

பழைய ஆங்கிலக் கணக்கு எளிமையானது: எலும்புச் சாம்பல் 50 பங்கு, சீனக்களிமண் 25 பங்கு, கார்னிஷ் கல் 25 பங்கு. சீனக்களிமண் என்பது கயோலின். பச்சை நிலையில், அதாவது சுடும் முன், பாத்திரம் வடிவத்தைப் பிடித்து நிற்பது அதனால்தான். அதுவே கால் பங்குதான் என்பதால் மண்ணுக்கு இழுவை குறைவு. சக்கரத்தில் ஏற்றினால் கிழியும், சரியும். இந்த மண்ணைச் சக்கரத்தில் வனைபவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. புதிதாக வருபவர் அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. தொழிற்சாலைகளே கோப்பையையும் தட்டையும் உருளைத்தலை இயந்திரத்தில் அச்சோடு அழுத்தி எடுக்கின்றன, மற்றவற்றைக் குழம்பாக வார்க்கின்றன.

கார்னிஷ் கல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த, பாதி சிதைந்த கிரானைட் வகை. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் அதில் கலந்திருக்கும். சூட்டில் உருகிக் கண்ணாடியாகி மற்றவற்றைப் பிணைப்பது அதன் வேலை. எலும்புச் சாம்பல் வேதியியலில் ஒரு கால்சியம் பாஸ்பேட். உச்ச சூட்டில் அதன் பெரும்பகுதி டிரைகால்சியம் பாஸ்பேட் படிகமாகிறது. மிஞ்சும் சுண்ணாம்பு களிமண்ணோடு சேர்ந்து அனார்த்தைட் என்ற இன்னொரு படிகத்தைத் தருகிறது. சுட்டு முடிந்த உடலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக முதல் படிகம் இருக்கும். மீதியை அனார்த்தைட்டும் கண்ணாடியும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

போன் சைனாவின் குணங்கள் எல்லாம் இந்த மூன்றின் கூட்டில் பிறப்பவை. மிக நுண்ணிய படிகங்கள் நெருக்கமாக அமர்ந்திருப்பதால், சுவர் மெல்லியதாக இருந்தும் வலு இருக்கிறது. விளிம்பு எளிதில் தெறிப்பதில்லை. படிகங்களும் கண்ணாடியும் ஒளியை வளைக்கும் அளவில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன, இடையில் காற்றுத் துளைகளும் மிகக் குறைவு. அதனால் ஒளி சிதறித் திரும்பாமல் ஊடுருவுகிறது. கோப்பையை விளக்கின் முன் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிவது இதனால்தான். இரும்பு குறைந்த மூலப்பொருட்களைத் தேர்ந்தெடுத்து, காற்றோட்டமுள்ள சூளையில் சுடுவதால் வெண்மை சற்று வெதுவெதுப்பான சாயலில் வரும். ஐரோப்பியக் கடின பீங்கானை உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த புகைச்சூட்டில் சுடுவார்கள். அதில் மிஞ்சும் இரும்பு நீலச் சாயல் தரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

பலவீனமும் உண்டு. கடின பீங்கானைவிட இது சூட்டில் அதிகம் விரியும். குளிர்ந்த கோப்பையில் கொதிக்கும் டிகாக்ஷனைத் திடீரென ஊற்றுவதை அது அவ்வளவாக விரும்பாது. குறைந்த சூட்டில் உருகிய கிளேஸ் என்பதால் மேற்பரப்பும் கடின பீங்கானின் மேற்பரப்பைவிட மென்மையானது. கத்திக் கீறல் சீக்கிரம் விழும்.

வரலாற்றில் இந்தக் கலவை இங்கிலாந்துக்கே உரியது. 1740களில் கிழக்கு லண்டனின் போ ஆலையில் தாமஸ் ஃப்ரை எலும்புச் சாம்பலை மண்ணில் சேர்த்துப் பாத்திரம் செய்தார். கால்நடைச் சந்தைகளும் இறைச்சிக் கூடங்களும் அருகிலேயே இருந்ததால் எலும்புக்குப் பஞ்சமில்லை. இன்றைய கணக்குக்குக் கலவையைக் கொண்டுவந்தது, 1790களில் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் நகரின் ஜோசையா ஸ்போடும் அதே பெயர் கொண்ட அவர் மகனும். அந்த ஊரில் நிலக்கரி இருந்தது, வெள்ளைக் களிமண் இல்லை. சுடுவதற்கு மண்ணைவிட நிலக்கரிதான் அதிகம் செலவாகும் என்பதால், மண் கார்ன்வாலிலிருந்து கடல்வழியாக வந்து, 1777இல் முடிந்த ட்ரெண்ட்-மெர்சி கால்வாயில் படகேறி நிலக்கரியைத் தேடிப் போனது.

எதை வாங்குவது

முதல் முறைக்கு ஆயத்த வார்ப்புக் குழம்பாக வாங்குங்கள். பீங்கான் மூலப்பொருள் விற்பவர்களிடம் கேட்டால் நீர்க்குழம்பாகவோ, நீர் மட்டும் சேர்க்க வேண்டிய தூளாகவோ கிடைக்கும். விலை கூடுதல்தான். ஆனால் கோப்பை கெட்டால் குற்றம் கலவையிலா சூளையிலா என்று குழம்ப வேண்டியிருக்காது. அந்தத் தெளிவுக்காகவே கொடுக்கலாம் அந்த விலையை.

எலும்பை வீட்டில் எரித்துச் சாம்பலாக்கும் யோசனை சிலருக்கு வரும். விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் மாட்டெலும்பிலிருந்து கொழுப்பையும் பசையையும் நீக்கி, 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெள்ளையாகும் வரை சுட்டு, நீரோடு சேர்த்துப் பந்து ஆலையில் அரைத்துப் பிறகுதான் பயன்படுத்துகிறார்கள். பன்றி, குதிரை எலும்புகள் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறார்கள். வீட்டில் எரித்தால் நாற்றம்தான் மிஞ்சும். அரைபடாத குருணை உடலில் புள்ளிகளாகத் தெரியும்.

சைவ வீடுகளில் இந்தச் சாம்பலைத் தொடத் தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு வழி இருக்கிறது: வேதியியல் முறையில் தயாரித்த கால்சியம் பாஸ்பேட். வாங்கும்போது இதைத் தெளிவாகக் கேளுங்கள். ஆனால் அதன் துகள் அளவும் குழம்பில் அது நடந்துகொள்ளும் விதமும் எலும்புச் சாம்பலிலிருந்து வேறுபடும். அதே நிறையை அப்படியே மாற்றிப் போட்டு அதே பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடையில் வாங்கும் பாத்திரத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. பிரிட்டனில் போன் சைனா என்று சொல்ல, விலங்கெலும்பிலிருந்து வந்த பாஸ்பேட் குறைந்தது 30 விழுக்காடு உடலில் இருக்க வேண்டும் என்பது வரையறை. சந்தையில் ‘நியூ போன் சைனா’ என்று முத்திரை குத்தி வருபவை பெரும்பாலும் எலும்பே சேராத வெள்ளைப் பீங்கான்தான். சைவர்களுக்கு அது நல்ல செய்தி. போன் சைனா விலை கொடுத்தவர்களுக்கு அப்படியல்ல.

குழம்பைத் தயாரித்தல்

சொந்தமாகக் கலக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு தொடக்கக் கணக்கு. ஒரு கிலோ உலர் கலவைக்கு எலும்புச் சாம்பல் 500 கிராம், இரும்பு குறைந்த சீனக்களிமண் 250 கிராம், கார்னிஷ் கல் 250 கிராம். கார்னிஷ் கல் கிடைக்காவிட்டால் அந்த 250 கிராமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், மீதி குவார்ட்ஸ் தூள் என்று தொடங்கி, சோதனைத் துண்டுகளைச் சுட்டுப் பார்த்துத் திருத்துங்கள். நீர் 450 முதல் 500 மில்லி. குழம்பு எளிதாக ஓட சோடியம் சிலிகேட், உலர் நிறையில் 0.2 முதல் 0.4 விழுக்காடு.

சோடியம் சிலிகேட்டை முதலில் நீரில் கரைத்துவிட்டு அதன் பிறகு தூளைத் தூவ வேண்டும். எடைக்கல் துல்லியமாக இருக்கட்டும். இது கூடினாலும் குழம்பு கெட்டிப்படும், குறைந்தாலும் கெட்டிப்படும். கலக்கி ஒரு நாள் ஊறவிட்டு, 120 கண் சல்லடையில் வடிகட்டுங்கள். வலுவான காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் குழம்பில் அலசினால் இரும்புத் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை உடலில் ஒரு துணுக்கு போதும், கரும்புள்ளி கண்ணைக் குத்தும். பக்கத்தில் செம்மண் வேலை நடக்கும் மேசையில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு லிட்டர் குழம்பு 1.75 முதல் 1.8 கிலோ எடை இருந்தால் அடர்த்தி சரி. எடை சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் நீர் சேர்க்காதீர்கள், சோடியம் சிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பாருங்கள். எலும்புச் சாம்பலிலிருந்து கரையும் கால்சியம் நாள்பட நாள்படக் குழம்பைக் கெட்டியாக்கும். அதனால் தேவைக்கு மட்டும் கலக்குவது நல்லது.

உலர் தூளைக் கையாளும்போது துகள் வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. துணியைக் கட்டிக்கொள்வது பயன்படாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

அச்சு

பிளாஸ்டர் அச்சில் வார்ப்பதை நேரில் பார்த்ததில்லை என்றால் ஒரு முறை விருத்தாசலம் போய்வருவது பலன் தரும். அங்குள்ள செராமிக் தொழிற்கூடங்களில் பொம்மைகளை இந்த முறையில்தான் வார்க்கிறார்கள். மண் வேறு, கைவேலை ஒன்றுதான்.

கோப்பையின் வடிவத்தை வரையும்போதே சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்று, அடி குறுகி, பக்கங்கள் மெல்லிய வளைவோடு சரியும் வட்ட வடிவம் தன்னைத்தானே தாங்கும். நேராக நிற்கும் உயரமான சுவர் உள்ளே சாயும். அகலமான தட்டை அடி நடுவில் தொங்கும். சதுரமும் முட்டை வடிவமும் சுட்டபின் வேறு ஏதோ ஒன்றாக வெளியே வரும். வாய் அகன்ற வடிவத்துக்கு ஒரே துண்டு அச்சு போதும் என்பது கூடுதல் வசதி. இரண்டு துண்டு அச்சில் வரும் இணைப்புக் கோட்டை நீங்கள் எவ்வளவு தேய்த்து அழித்தாலும், சுட்டபின் மெல்லிய மேடாக அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும். இந்த மண் பச்சையாக இருந்தபோது பட்டதை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

உலர்ந்து சுடும்போது கோப்பை சுருங்கும் அளவைக் கணக்கிட வேண்டும். பொதுவாக 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், சில கலவைகளில் அதற்கும் மேல். 8 செ.மீ. உயரக் கோப்பை வேண்டுமென்றால் மூலவடிவம் 9.1 செ.மீ. இருக்கட்டும். உங்கள் குழம்பின் உண்மையான சுருக்கத்தை அறிய, ஒரு பட்டையில் 100 மி.மீ. கோடு கீறிச் சுட்டு அளந்து பாருங்கள். அளக்காமல் அச்சு வெட்டினால் இரண்டு முறை வெட்ட நேரும்.

பிளாஸ்டரை ஒரு லிட்டர் நீருக்கு 1.3 முதல் 1.4 கிலோ என்ற கணக்கில் தூவிக் கலக்குங்கள். அச்சை நிழலிலும் காற்றிலும் உலர்த்த வேண்டும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிளாஸ்டர் மாவாக உதிரத் தொடங்கும். சென்னையிலோ கடலோர ஊர்களிலோ மழைக்காலத்தில் வேலை செய்பவர்கள், ஒரு அச்சுக்குப் பதிலாக மூன்று நான்கு செய்து வைத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டாம்.

வார்த்தல்

குழம்பை அச்சின் நடுவில், இடைவிடாமல், ஒரே ஓட்டமாக விளிம்பு வரை ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் சுவரில் வளையம் விழும், அது ஒளியில் தெரியும். பிளாஸ்டர் நீரை இழுக்க, சுவரை ஒட்டி மண் படியும். இரண்டு முதல் நான்கு நிமிடங்களில் 2 மி.மீ. அளவு சுவர் கிடைத்துவிடும். வாய்ப்பகுதியில் கத்தி முனையால் கீறிப் பார்த்தால் தடிமன் தெரியும். போதுமானதும் மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றி, அச்சைச் சற்றே சாய்த்துத் தலைகீழாக வடியவிடுங்கள். நேராகக் கவிழ்த்தால் அடியின் நடுவில் சொட்டு தொங்கி உறையும்.

எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்பது அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. தடித்த பக்கமும் மெலிந்த பக்கமும் சூளையில் வெவ்வேறு அளவில் இளகும், கோப்பை ஒருபுறம் சாயும். தடிமனைக் கூட்டினால் கோப்பை பத்திரமாக இருக்கும் என்ற எண்ணமும் தவறு. எடை கூடினால் தொய்வும் கூடும், ஒளியும் ஊடுருவாது.

பளபளப்பு மங்கியதும் விளிம்பைக் கத்தியால் அச்சோடு சமமாக வெட்டுங்கள். மண் சுருங்கி அச்சிலிருந்து தானே விலகும் வரை பொறுத்திருந்து, ஒரு பலகையை மேலே வைத்துக் கவிழ்த்து எடுங்கள். விரலால் வாயைப் பிடித்து இழுத்தால் அது முட்டை வடிவாகும். அதைத் திரும்ப வட்டமாக அழுத்திவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். 1200 டிகிரியில் அது மறுபடியும் முட்டையாகும்.

உலர்த்தலும் மென்சூடும்

நன்றாக உலர்ந்த பச்சைக் கோப்பை மிக எளிதில் நொறுங்கும். களிமண் குறைவு என்பதால் பிடிப்பு இல்லை. விளிம்பை ஈரப் பஞ்சால் ஒரு சுற்று துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, 950 டிகிரியில் ஒரு மென்சூடு கொடுங்கள். இது கையாளும் வலுவுக்காக மட்டும், கிளேஸுக்கு முந்தைய பெரிய சூடு இதற்குப் பிறகுதான். தொழிற்சாலைகள் இந்தப் படியைத் தாண்டிப் போகும். சிறு கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு நான் இதை வற்புறுத்துவேன். மின்கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் கையில் எடுத்துத் தேய்க்கத் தைரியம் வரும்.

மென்சூடு பெற்ற கோப்பை சுண்ணாம்புக்கட்டி பதத்தில் இருக்கும். அதை நீரில் நனைத்து, நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெல்ல இழையுங்கள். 240 எண்ணில் தொடங்கி 400க்குப் போகலாம். வறண்ட நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி நேராக மூச்சுக்குள் போகும். உச்ச சூட்டுக்குப் பிறகு இந்த மேற்பரப்பை மாற்ற வைரத்தாள் தேவைப்படும், ஆகவே செய்ய வேண்டிய மெருகேற்றலை எல்லாம் இப்போதே செய்துவிடுங்கள். கழுவி, முழுவதும் உலர்த்துங்கள்.

பெரிய சூடு

இந்த மண்ணின் சுடுசூட்டு எல்லை மிகக் குறுகியது. 10 முதல் 20 டிகிரிக்குள் எல்லாம் நடந்துவிடும். குறைந்தால் உடல் சுண்ணாம்பாக நின்று ஒளியை விடாது. கூடினால் உள்ளே வாயு கிளம்பிக் கொப்பளிக்கும், கோப்பை தன் மேலேயே உட்காரும். பல மின்சூளைகளில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலேயே அந்த அளவு வேறுபாடு இருக்கும். எனவே கோப்பையைச் சுடும் முன்பு உங்கள் சூளையைச் சோதியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கூம்பு (குறித்த சூட்டில் வளையும் சோதனைத் துண்டு) வைத்து வெற்றுச் சூடு ஒன்று கொடுத்தால் எந்தத் தட்டு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். ஆர்ட்டன் வரிசையில் 6, 7, 8 எண் கூம்புகள் இந்த எல்லைக்குப் பொருந்தும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது தெர்மோகப்பிள் (சூளைக்குள் சூட்டை அளக்கும் உணரி) இருக்கும் இடத்தின் சூடு மட்டுமே.

அதே சூட்டில் ஒரு தொய்வுச் சோதனையும் செய்துகொள்ளலாம். 12 செ.மீ. நீளப் பட்டை ஒன்றை வார்த்து, 10 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு தாங்கிகள் மேல் பாலமாக வையுங்கள். சுட்டபின் அது எவ்வளவு தொங்கியிருக்கிறது என்று பாருங்கள். முதல் முறை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். அந்தத் திகைப்பு நல்லது, அடுத்த பத்தியைக் கவனமாகப் படிக்க வைக்கும்.

சூளைத் தட்டு மட்டமாக இருக்க வேண்டும். வளைந்த தட்டின் வளைவைக் கோப்பையின் அடி அப்படியே வாங்கிக்கொள்ளும். தட்டின் மேல் அலுமினாத் தூளை (இந்தச் சூட்டில் உருகாத வெள்ளைத் தூள்) மெல்லியதாகப் பரப்புங்கள். கோப்பை சுருங்கும்போது அதன் மேல் வழுக்கி நகரும், ஒட்டாது. மணல் போடாதீர்கள். வாய் வட்டமாக நிற்க, அதே குழம்பில் வார்த்த, சரிந்த விளிம்புள்ள வளையம் ஒன்றை வாயின் மேல் மூடிபோல் வையுங்கள். இடையில் அலுமினாவைக் கோந்து நீரில் குழைத்துத் தடவுங்கள். வளையமும் கோப்பையும் ஒரே மண் என்பதால் சேர்ந்தே சுருங்கும், வாய் வட்டத்தை விட்டு விலகாது. முன்பே சுட்ட வளையம் சுருங்காது, அதனால் பயன்படாது. ஒவ்வொரு சுடுதலுக்கும் புது வளையம் வேண்டும் என்பது எரிச்சலூட்டும் செலவுதான். இரண்டு கோப்பைகளை வாயோடு வாய் வைத்து அடுக்குவது பழைய தொழிற்சாலை வழி. ஒரே அளவுக் கோப்பைகளுக்கு அதுவும் சரியாக வரும்.

சூடேற்றத்துக்கு ஒரு தொடக்க அட்டவணை: 600 டிகிரி வரை மணிக்கு 100, அங்கிருந்து 1150 வரை மணிக்கு 150, பிறகு உச்சம் வரை மணிக்கு 60. உச்சம் 1230, அதில் 30 நிமிடம் நிறுத்தம். நிறுத்தி வைக்கும் நேரமும் சூட்டின் கணக்கில் சேரும். நேரத்தைக் கூட்டினால் உச்சத்தைக் குறைக்க வேண்டும். ஆயத்தக் குழம்பு வாங்கியிருந்தால் விற்பவர் தரும் சுடுசூட்டையே முதலில் பின்பற்றுங்கள். காற்றுத்துளையைத் திறந்தே வையுங்கள், உயிர்வளி குறைந்தால் வெண்மை போய்விடும். குளிர்வதை அவசரப்படுத்தாமல் 100 டிகிரிக்குக் கீழே வந்தபின் திறவுங்கள்.

கிளேஸ்

இப்போது கையில் இருக்கும் கோப்பை கண்ணாடி இறுக்கம் அடைந்துவிட்டது. நீரை இழுக்காது. வழக்கம்போல் கிளேஸில் முக்கினால் வழிந்து ஓடிவிடும். கோப்பையை அடுப்பில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கையுறையோடு எடுத்துச் சுழல்மேடையில் வைத்து, கிளேஸைத் தெளிப்பானால் மெல்லிய அடுக்குகளாகத் தெளியுங்கள். பட்ட உடனே உலர்ந்து பிடிக்கும். தெளிப்பான் இல்லாதவர்கள் கிளேஸில் சிறிதளவு சி.எம்.சி. கோந்து சேர்த்துக் கெட்டியாக்கி, சூடான கோப்பையைச் சட்டென முக்கி எடுக்கலாம். தெளிக்கும்போதும் முகக்கவசம் வேண்டும்.

1060 முதல் 1080 டிகிரியில் உருகும், ஈயம் சேராத, ஒளிபுகும் போரோசிலிகேட் கிளேஸ் வாங்குங்கள். ஸ்டோன்வேர் கிளேஸ் இங்கே உதவாது, அது உருகும் சூட்டில் கோப்பை மறுபடி இளகிவிடும். போன் சைனா உடல் குளிரும்போது கிளேஸைவிட அதிகம் சுருங்குவதால் கிளேஸ் இறுகிப் பிடித்த நிலையில் இருக்கும். மயிரிழை வெடிப்பு அரிதாக வருவதற்கும் பாத்திரத்துக்குக் கூடுதல் வலு கிடைப்பதற்கும் இதுவே காரணம். அடிவளையத்தை ஈரப் பஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுடுங்கள். இந்த இரண்டாம் சூட்டில் வளையத் தாங்கல் தேவையில்லை.

வெளிப்புறத்துக்குக் கிளேஸே வேண்டாம் என்று விடுவதும் ஒரு வழி. 400 எண்ணுக்கு மேல் இழைத்த உடல் கைக்குப் பட்டுபோல் இருக்கும். உள்ளே மட்டும் கிளேஸ் பூசினால் போதும். முதல் கோப்பைக்கு நான் இதையே விரும்புவேன்.

படங்களும் தங்கக் கோடும் கிளேஸின் மேல், 750 முதல் 850 டிகிரியில் இன்னொரு சூடாக ஏற்றப்படுகின்றன. ஒட்டுப்படம் வாங்கினால் உணவு படும் இடத்துக்கு ஏற்றதா என்று கேளுங்கள், பழைய வண்ணங்கள் பலவற்றில் ஈயமும் காட்மியமும் உண்டு. தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.

சூளையைத் திறந்தபின்

கிளேஸுக்குப் போகும் முன்பே, பெரிய சூட்டிலிருந்து வந்த கோப்பைகளைப் பரிசோதித்துவிடுங்கள். கிளேஸ் பூசாத அடியில் ஒரு சொட்டு மை வைத்து, சில நிமிடங்கள் கழித்துக் கழுவுங்கள். கறை தங்கினால் உடல் இன்னும் மூடவில்லை, உச்சத்தை 5 முதல் 10 டிகிரி ஏற்றலாம். துல்லியமாக அறிய, உலர்ந்த துண்டை எடைபோட்டு, இரண்டு மணி நேரம் நீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். கூடிய எடை அரை விழுக்காட்டுக்குள் இருந்தால் சரி.

கறை தங்கவில்லை, ஆனாலும் விளக்கின் முன் ஒளி வரவில்லை என்றால் முதலில் சுவரின் தடிமனைச் சந்தேகியுங்கள், அடுத்ததாகத்தான் சூட்டை. மேற்பரப்பில் சிறு கொப்புளங்களும் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும் கோப்பையும் சூடு மீறியதன் அடையாளம். அடுத்த முறை 10 டிகிரி குறைத்து, நிறுத்த நேரத்தை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாது. ஒரே சுடுதலில் மேல்தட்டுக் கோப்பைகள் கொப்பளித்து, கீழ்த்தட்டுக் கோப்பைகள் மையை உறிஞ்சினால் அட்டவணையில் கை வைக்க வேண்டாம். சூளையின் நடுத்தட்டில் மட்டும் போன் சைனாவை வைத்து, மற்ற இடங்களில் அதே சூட்டில் முதிரும் ஸ்டோன்வேர் துண்டுகளை அடுக்கிக்கொள்ளுங்கள். வாய் மட்டும் ஒருபுறம் நீண்டிருந்தால் சூளையைக் குறை சொல்லாமல், அச்சிலிருந்து எடுத்த விதத்தை மாற்றிப் பாருங்கள்.